சாரம் கட்டுமுன் கூடுகளைப் பாருங்கள்

மதுரை வட்டாரக் கோயில்களின் செயல் அலுவலர்களுக்கும் அறங்காவலர்களுக்கும், திருப்பணி நடத்தும் ஸ்தபதிகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும், ஞாயிறுதோறும் துடைப்பமும் கூடையுமாக வந்து நிற்கும் உழவாரப்பணிக் குழுவினருக்கும் வணக்கம்.

குடமுழுக்குக்கு நாள் குறித்தாகிவிட்டால் கோயிலில் வேலைகள் மளமளவென்று நடக்கும். பாலாலயம் முடியும், லாரியில் சவுக்குக் கம்பு வந்து இறங்கும், கோபுரத்தைச் சுற்றிச் சாரம் எழும். சாரத்தில் ஏறுகிறவர்களுக்குக் கொடுக்கப்படும் முதல் வேலை, பொம்மைகளுக்கு நடுவே இருக்கும் புறாக்கூடுகளை வழித்துக் கீழே தள்ளுவது. அன்றைக்கே பொந்துகளை அடைத்து வலையும் கட்டிவிடுகிறார்கள். நான்கைந்து நாள் கழித்து, மேல் நிலையில் சுதை வேலை பார்க்கிறவர்களுக்கு இடுப்பிலும் அக்குளிலும் சிவப்புத் தடிப்பு கிளம்புகிறது. இரவில் அரிப்பு தாங்க முடிவதில்லை. கோபுரத்தை ஒட்டிய அறைகளில் காவலுக்குப் படுக்கிறவர்களுக்கும் அதே பாடுதான். சிரங்கு என்று நினைத்துக் களிம்பு வாங்கிப் பூசுவார்கள். மறுநாள் புதிய இடத்தில் புதிய தடிப்பு வரும்.

கடித்தது சிரங்குப் பூச்சி அல்ல. கோழி வளர்க்கும் வீடுகளில் செள்ளு என்று சொல்வார்களே, அந்தச் சாதிச் சிற்றுண்ணி. குடித்துக்கொண்டிருந்த இரத்தம் திடீரென்று நின்றுபோனதால் ஆளைத் தேடி இறங்கி வந்திருக்கிறது. புறாவை விரட்டுவது வேறு, கூட்டை எடுப்பது வேறு, கூட்டில் குடியிருப்பதை ஒழிப்பது வேறு. இந்த மூன்றும் எந்த வரிசையில் நடக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த ஆறு மாதம் அந்தக் கோபுரத்தில் நிம்மதியாக வேலை நடக்குமா நடக்காதா என்பது இருக்கிறது. வேலையை நிறுத்தும்படி நாங்கள் கேட்கவில்லை. வரிசையை மாற்றும்படி கேட்கிறோம்.

கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகளுக்கு ஒட்டுண்ணிகள் ஏன் இவ்வளவு பெருகுகின்றன என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். தனிக்கூட்டில் பிறந்த உண்ணிக்கு இரத்தம் குடிக்க அடுத்த பறவை கிடைப்பது அரிது. நூறு கூடுகள் ஒட்டி ஒட்டி இருந்தால் அது நடந்தே போய்விடும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பாலங்களுக்கு அடியில் மண்கூடு கட்டும் ஒருவகைத் தகைவிலான்களை 1980-களிலிருந்து பிரௌன் தம்பதியர் ஆராய்ந்தார்கள். அங்கே கூட்டுக்குள் இருப்பது நம் மூட்டைப்பூச்சியின் நெருங்கிய உறவு. பெரிய குடியிருப்புகளில் சில கூடுகளுக்கு மட்டும் பூச்சிமருந்து அடித்துப் பார்த்தபோது, மருந்து அடித்த கூட்டின் பத்து நாள் குஞ்சு மற்றக் கூட்டின் குஞ்சைவிடச் சராசரியாக 3.4 கிராம் கூடுதல் எடை இருந்தது. முழு வளர்ச்சி பெற்ற பறவையே இருபத்தைந்து கிராம் சொச்சம்தான் என்னும்போது 3.4 கிராம் என்பது பெரிய இழப்பு. தென்னமெரிக்காவின் பெரு நாட்டுத் தீவுகளில் கடற்பறவைகள் உண்ணி தாங்காமல் முட்டையையும் குஞ்சையும் அப்படியே விட்டுவிட்டுப் பறந்துபோவதும் பதிவாகியிருக்கிறது.

அந்தத் தகைவிலான் குளிர்காலத்தில் ஊரைவிட்டே போய்விடும். கூட்டில் இருக்கும் பூச்சி அதுவரை பட்டினி கிடக்க வேண்டும். நம் கோபுரத்து மாடப்புறாவுக்கு அந்த இடைவெளியும் கிடையாது. தை முதல் மார்கழி வரை அதே பொந்தில், அதே கூட்டின் மேலேயே அடுத்த ஈடு முட்டை. திருப்பரங்குன்றமோ அழகர்கோயிலோ திருமோகூரோ, எந்தக் கோபுரத்து நிலைக்குள் போய் டார்ச் அடித்துப் பார்த்தாலும் இதுதான் காட்சி.

நாட்பட்ட புறாக்கூடு ஒன்றைப் பெயர்த்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். மேலே வேப்பங்குச்சி, விளக்குமாற்று ஈர்க்கு, சாரத்தில் கட்டிய கம்பியின் துண்டு. அதற்குக் கீழே எச்சம் இறுகி அடைபோல ஆகியிருக்கும். அந்த அடையை உடைத்தால் கறுப்பாக, மினுமினுப்பாக, சிறு விதை போன்றவை உதிரும். அவை விதையல்ல, புறா ஈயின் கூட்டுப்புழுக்கள். இந்த ஈ மற்ற ஈக்களைப்போல முட்டையிடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புழுவைத் தன் வயிற்றுக்குள்ளேயே வளர்த்து, முற்றியபின் கூட்டில் இறக்கிவிட்டுப் போகும். புழு சிறிது நேரத்திலேயே கறுத்துக் கெட்டியாகி, ஏறத்தாழ நான்கு வாரம் கழித்து ஈயாக வெளிவரும். ஈ தட்டையானது, பழுப்பு நிறம், நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடும். இறகுக்குள் புகுந்துகொண்டால் விரலால் பிடிக்க முடியாது. புறாவுக்கு மலேரியா போன்ற ஓர் இரத்த நோயைக் கொண்டுவருவதும் இதுதான். ஈயின் காலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சில சமயம் மெலிந்த பேன் ஒன்று தொற்றிக்கொண்டிருக்கும். பேனுக்குப் பறக்கத் தெரியாது. அதனால் ஈயின் மேல் ஏறி அடுத்த புறாவுக்குப் போகிறது.

இனித் தாளைப் பாருங்கள். உதிர்ந்த தூசியில் சில பொடிகள் தாமாக நகரும். அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும் அவைதாம் செள்ளு. பட்டினியாக இருந்தால் சாம்பல் நிறம், குடித்திருந்தால் கருஞ்சிவப்பு. நகத்தால் நசுக்கினால் தாளில் சிவப்புக் கோடு விழும். கூட்டில் கிடைக்காதது மென்னுண்ணி, அதாவது முதுகில் கெட்டி ஓடில்லாத உண்ணி, மட்டும். அது பகலில் செங்கல் இடுக்கிலும் காரை வெடிப்பிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து அரைமணி நேரம் போலக் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

திருப்பணிக்காரர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது, இவை ஒவ்வொன்றும் எத்தனை நாள் பட்டினி தாங்கும் என்பதைத்தான். பறவையைவிட்டு விலகிய பேன் சில நாளில் செத்துவிடும். புறா, மைனா, குருவிக் கூடுகளில் இருக்கும் வெப்பநாட்டுச் செள்ளு பத்து நாள் அளவுக்குத் தாங்கும். அந்தப் பத்து நாளில்தான் ஆளைக் கடிக்கும். மனிதர்மேல் அது குடித்தனம் நடத்தாது, பறவை இல்லாமல் பெருகவும் பெருகாது. கோழிப்பண்ணைகளில் தொல்லை கொடுக்கும் சிவப்புச் செள்ளு எட்டு மாதம்வரை காத்திருக்கும். ஈயின் கூட்டுப்புழுவுக்கு உணவே தேவையில்லை, நான்கு வாரம் கழித்துத்தான் வெளியே வரும். மென்னுண்ணியோ ஆண்டுக் கணக்கில் கிடக்கும். ஆகவே ஒரே நாளில் ஒரே மருந்தை அடித்து எல்லாவற்றையும் முடித்துவிட்டோம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வேலை சாரம் கட்டுவதற்கு எட்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். எட்டு வாரம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. புறா இரண்டு முட்டையிடும். அடைக்காலம் 17 முதல் 19 நாள். குஞ்சு பறக்க நான்கு ஐந்து வாரம். இன்று இட்ட முட்டைகூட ஐம்பத்தைந்து நாளுக்குள் குஞ்சாகிப் பறந்து போய்விடும். முதல் நாள் பைனாகுலரும் டார்ச்சுமாகக் கோபுரத்தை நிலைவாரியாக, திசைவாரியாகப் பார்த்து ஒரு வரைபடத்தில் ஒவ்வொரு பொந்துக்கும் எண் கொடுங்கள். காலிக்கூடு என்றால் ‘கா’, முட்டை என்றால் ‘மு’, குஞ்சு என்றால் ‘கு’. கூகை இருக்கும் பொந்தையும் குறித்து, அதைத் தொடாமல் விடுங்கள். ஊரின் எலியைப் பிடிப்பது அதுதான்.

அன்றிலிருந்து ‘கா’ என்று குறித்த இடங்களை வாரத்துக்கு இரண்டு முறை பெருக்க வேண்டும். இதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். புறா, முந்தைய ஈட்டுக் குஞ்சு பறக்குமுன்பே பக்கத்து மாடத்தில் அடுத்த கூட்டுக்குக் குச்சி சேர்க்கத் தொடங்கிவிடும். ஒரு வாரம் அசந்தால் ‘கா’ இருந்த இடத்தில் ‘மு’ வந்துவிடும், எட்டு வாரக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். குச்சியாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் முட்டையும் இல்லை, பாவமும் இல்லை.

குஞ்சு பறந்த கூட்டை அன்றோ மறுநாளோ எடுத்துவிடுங்கள். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் தட்டவே கூடாது. அந்தத் தூசியில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சையும் கிருமியும் இருக்கக்கூடும். மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை புறா எச்சத்தில்தான் வளமாக வளரும். கைத்தெளிப்பானில் தண்ணீர் எடுத்து, ஒழுகாத அளவுக்கு நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, மரக்கரண்டி அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் அடையாகப் பெயர்க்க வேண்டும். இரும்புச் சுரண்டி சுதையைக் கீறிவிடும். ஆளுக்கு என்95 முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை. சட்டைக் கை கையுறைக்குள், கால்சட்டை நுனி காலுறைக்குள். துணிக் கவசமும் தலைப்பாகைத் துண்டும் இந்தத் தூசிக்குப் போதாது.

பெயர்த்ததை அங்கேயே கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டுக் கயிற்றில் இறக்குங்கள். மேலேயிருந்து பிரகாரத்தில் கொட்டினால் செள்ளையும் சேர்த்தே கொட்டுகிறீர்கள். பையை நாள் முழுக்க வெயிலில் போட்டால் உள்ளே சூடேறிப் பெரும்பாலானவை செத்துவிடும்; மதுரை வெயிலால் கிடைக்கும் உதவி இது. வேலை முடிந்ததும் உடுப்பை வெந்நீரில் துவைத்து, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

கூடு போன இடத்தில் இரண்டு வேலை உண்டு. முதலாவது, இடுக்கு அடைப்பது. மென்னுண்ணிக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. உள்பக்கச் செங்கல் வேலையில் இருக்கும் வெடிப்புகளைச் சுண்ணாம்புக் காரையால் நிரப்புங்கள். பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்தில் சிமெண்ட் ஒட்டாமல் விலகி, கொஞ்ச நாளில் புதிய இடுக்கையே உண்டாக்கும். உண்ணி முட்டையிடுவதும் தோலுரிப்பதும் அந்த மயிரிழை இடுக்கில்தான். இரண்டாவது, டயட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடுகளாலான வெண்பொடியைத் தூவுவது. இது விஷமாக வேலை செய்வதில்லை. பூச்சியின் உடல்மேல் இருக்கும் மெழுகைச் சுரண்டி, ஈரத்தை உறிஞ்சி, காயவைத்துக் கொல்லும். மேசைமேல் தூசி படிந்த அளவுக்கு மெல்லிய படலம் போதும்; குவித்துக் கொட்டினால் செள்ளு சுற்றிக்கொண்டு போய்விடும். நனைந்தால் வேலை செய்யாது, ஆகவே மழைச்சாரல் படாத உள்மாடங்களுக்கு மட்டும் இது. தூவும்போதும் முகக்கவசம் வேண்டும். ஏழாம் நாள் மீண்டும் ஒருமுறை தூவுங்கள். முதல் முறை முட்டைக்குள் இருந்தது அதற்குள் வெளியே வந்திருக்கும். நான்கு வாரம் கழித்து மூன்றாம் முறை, ஈயின் கூட்டுப்புழுவுக்காக.

முடிந்ததா என்று பார்க்க அட்டைப்பெட்டி போதும். நெளிவு நெளிவாக வரி இருக்கும் அட்டையை உள்ளங்கை அளவு வெட்டி, இரண்டாக மடித்து, மாடத்தின் மூலையில் இரண்டு இரவு சொருகி வையுங்கள். செள்ளுக்கு அந்த வரிகள் நல்ல ஒளிவிடம். எடுத்து ஜிப் கவரில் போட்டு, பிறகு வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். நகரும் பொடி ஒன்றுகூட இல்லை என்றால்தான் அந்த நிலையில் சுதைக்காரரை ஏற்ற வேண்டும். பொந்தை அடைப்பதும் வலை கட்டுவதும் அதற்குப் பிறகுதான். புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை போதும். அதை முறுக்காக, தொய்வில்லாமல், ஓரம் முழுவதும் கம்பியில் பிணைத்துக் கட்ட வேண்டும். தொய்ந்த வலையில் பறவை சிக்கி, வெயிலில் தொங்கியே சாகும்.

முன்பே அடைத்துவிட்டால் என்ன ஆகும்? உள்ளே குஞ்சு பசியில் சாகும். தாய்ப்புறா வெளியே மோதிக்கொண்டே கிடக்கும். இரண்டாம் நாள் நாற்றம், பிறகு ஈப்புழு, பிறகு தோல்வண்டு. செத்த குஞ்சின் உடல் ஆறியதும் அதன்மேல் இருந்த செள்ளெல்லாம் சூட்டையும் மூச்சுக்காற்றையும் தேடிப் புறப்படும். சாரத்தில் நிற்கிற மனிதரிடம் இரண்டும் இருக்கின்றன.

சிலர் தீப்பந்தம் காட்டிக் கூட்டை எரிக்கிறார்கள். கோபுரத்து உள்நிலைகளில் மர உத்திரங்கள் உண்டு. 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததைப் பார்த்த ஊர் இது. இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. சாம்பிராணிப் புகை பறவையை விரட்டும், இடுக்கில் இருக்கும் உண்ணியை ஒன்றும் செய்யாது. ஃபினாயிலும் மண்ணெண்ணெயும் கல்லில் கறையாக நிற்கும். கோழிப்பண்ணைக்கு அடிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் செள்ளைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அவை மீனுக்குக் கொடிய நஞ்சு. கோபுரத்தில் அடித்து, மழையில் கழுவி, வடிகால் வழியாகத் திருக்குளத்துக்குப் போனால் மறுநாள் மீன் மிதக்கும். மேலே சொன்னதையெல்லாம் செய்த பிறகும் செள்ளு குறையவில்லை என்றால் மட்டும், உரிமம் பெற்ற ஆளை வைத்து, லேபிளில் உள்ள அளவில், பறவை இல்லாத உள்மாடத்தின் இடுக்கில் மட்டும் தூரிகையால் பூசச் சொல்லுங்கள். காற்றில் தெளிக்க வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் புறாவுக்கு. உழவாரன் என்னும் பறவைக்கு இதில் எதுவும் பொருந்தாது. இதை உழவாரப்பணிக் குழுவினர் குறிப்பாகக் கவனிக்க வேண்டுகிறோம்; அப்பர் பெருமான் கையில் ஏந்திய கருவியின் பெயரைத்தான் இந்தப் பறவையும் சுமக்கிறது. மண்டபத்தின் கல்விதானத்தில் இறகும் வைக்கோலுமாக, சுரைக்காயை ஒட்டவைத்ததுபோல, கொத்துக் கொத்தாக இருப்பவை இதன் கூடுகள். காற்றில் பறக்கும் பஞ்சையும் இறகையும் பறந்தபடியே பிடித்து, எச்சிலால் ஒட்டிக் கட்டுகிறது. கால் மிகச் சிறியது, கம்பியில் உட்காராது. கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது தகைவிலான். முட்டை, குஞ்சு இல்லாத மாதங்களிலும் உழவாரன் இரவுக்கு அதே கூட்டுக்குத்தான் வரும். ‘காலிக்கூடு’ என்று நீங்கள் பகலில் குத்தித் தள்ளுவது இரவில் நான்கைந்து பறவைகளின் வீடு.

இந்தக் கூட்டிலும் ஒட்டுண்ணி உண்டு. உழவாரன்களின் ஈ பறக்காது. பறவையின்மேலும் கூட்டிலுமே காலம் தள்ளும். குஞ்சு பொரிக்கும் சமயத்துக்குச் சரியாகத் தன் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும். ஆனால் இந்தப் பறவைகளோடேயே வாழப் பழகிய பூச்சி அது, மனிதரைக் கடிப்பது அரிது. உழவாரக் கூட்டை எடுப்பதால் தொழிலாளிக்கு ஒரு நன்மையும் கிடையாது. மாலையில் கோபுரத்தைச் சுற்றிக் கீச்சிட்டுப் பறக்கும்போது அவை கொசுவையும் ஈசலையும் பிடித்துத் தின்கின்றன. ஆகவே விதானத்தில் கூட்டுக்கொத்து இருக்கும் மூலையை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வெள்ளையடியுங்கள். அடியில் எச்சம் விழுந்தால் ஒரு பலகையைக் கட்டி, வாரம் ஒருமுறை நனைத்து வழித்துவிடலாம். கல் பெயர்க்க வேண்டிய கட்டாயம் இருந்தால், குஞ்சுகள் பறக்கும்வரை அந்தப் பகுதியைக் கடைசி வேலையாக வையுங்கள். முட்டையிலிருந்து பறக்கும்வரை இதற்கு இரண்டு மாதம் ஆகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். வளர்ந்த பறவை தரையில் விழுந்து கிடந்தால் வீசி எறியாதீர்கள். உள்ளங்கையை விரித்து அதில் வைத்து, தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தால் தானே எழும்பிப் போகும்.

தானியம் போடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புண்ணியம் என்று கோபுர வாசலில் கம்பும் சோளமும் இறைப்பவர்களின் மனம் நல்ல மனம். ஆனால் தினமும் ஒரே இடத்தில் இரை கிடைத்தால் புறா இன்னும் நெருக்கமாகக் கூடு கட்டும், நெருக்கத்தில் உண்ணி பெருகும், அதைச் சுமப்பது அந்தக் குஞ்சுதான். இறகு முளைக்கும் இரண்டு மூன்று வாரக் குஞ்சைத்தான் புறா ஈ முதலில் தேடிப் பிடிக்கிறது. எட்டு வாரக் கணக்கு தொடங்கும் அன்றே வாசலில் தானிய விற்பனையை நிறுத்தி, காரணத்தை நல்ல தமிழில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். மக்கள் கேட்பார்கள்.

கடைசியாக, ஒப்பந்தப் புள்ளி கோரும் படிவத்தில் இவற்றைச் சேர்க்க வேண்டுகிறோம்: சாரத்துக்கு எட்டு வாரம் முன் கூடு கணக்கெடுப்பும் வரைபடமும், குஞ்சோ முட்டையோ உள்ள பொந்தை அடைக்கக் கூடாது என்ற நிபந்தனை, கூடு அகற்றுவோருக்கு முகக்கவசம், கையுறை, பைகளுக்கான தனித் தொகை, அட்டைச் சோதனையில் செள்ளு இல்லை என்று ஸ்தபதியார் கையெழுத்திட்ட பிறகே அந்த நிலையில் சுதை வேலை, உழவாரக் கூட்டுக்கொத்துகள் இருக்கும் இடங்களின் பட்டியல். தனித் தொகையை எழுதாவிட்டால் முகக்கவசம் வராது, தொழிலாளி தன் துண்டைத்தான் மூக்கில் கட்டிக்கொண்டு ஏறுவார். கணக்கெடுக்க ஆள் வேண்டும் என்றால் பைனாகுலரோடு வந்து நிற்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மதுரை வட்டாரப் பறவை நோக்கர்கள்